தலைமுறைக் கணக்கு: போருக்கும் பெயர்வுக்கும் நடுவே சீனக் குடும்பங்கள்

1963ஆம் ஆண்டு ஏப்ரலுக்கும் ஆகஸ்டுக்கும் இடையே சீன அரசு சென்னைத் துறைமுகத்துக்கு மூன்று முறை கப்பல் அனுப்பியது. ராஜஸ்தானில் உள்ள தேவ்லி முகாமிலிருந்து ரயிலில் கொண்டுவரப்பட்ட சீன வம்சாவளிக் குடும்பங்கள் அந்தக் கப்பல்களில் ஏறின. மூன்று நடையிலும் சேர்த்து 2,300க்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டுப் போனார்கள். அசாமிலும் டார்ஜிலிங்கிலும் பிறந்து வளர்ந்து, சீனாவை ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்திராத பலர் அவர்களில் இருந்தார்கள். அடுத்த ஆண்டு அதே துறைமுகத்துக்கு ரங்கூனிலிருந்து கப்பல்கள் திரளாக வரத் தொடங்கின. அவற்றிலிருந்து இறங்கியவர்கள் தமிழர்கள். பர்மாவில் பிறந்து, பாட்டனாரின் ஊர்ப் பெயரை மட்டும் காதால் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்களிலும் பலர்.

பிறந்த மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்ட சீனர்களும், பிறந்த மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்ட தமிழர்களும் ஓராண்டு இடைவெளியில் ஒரே துறைமுகத்தைக் கடந்திருக்கிறார்கள். இரண்டாவது கதையை நாம் ஓரளவு அறிவோம். முதல் கதை நம் நினைவில் இல்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது இந்தக் கட்டுரையின் நோக்கம்.

கொட்டாம்பட்டியில் இருந்துகொண்டு சீனக் குடும்பங்களைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். மதுரை–திருச்சி நெடுஞ்சாலையில் உள்ள இந்த ஊரும் சுற்றுப்பட்டும் மழையையும் கண்மாயையும் நம்பியவை. கிழக்கே சிங்கம்புணரி, அதையும் தாண்டினால் செட்டிநாடு. மேலூர் வட்டாரம் தொடங்கி காரைக்குடி வரை, அக்கரைச் சீமைக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைவு. வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாகப் போனவர்கள், தோட்டத்துக்குக் கங்காணியோடு போனவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனவர்கள் என்று பல வகை. போரும் பெயர்வும் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பது இந்த மண்ணுக்குப் புதிய கேள்வி அல்ல. நமக்கு நேர்ந்ததை அறிந்த நாம், நம் நாட்டில் பிறருக்கு நேர்ந்ததையும் அறிய வேண்டும்.

நான் முன்வைக்கும் கருத்து இதுதான். போர் ஒரு குடும்பத்தின் வீட்டையும் பொருளையும் அழிக்கிறது. மரபை அழிப்பது அதற்குப் பின் வருகிறது. பிறப்பை வைத்து அரசு போடும் கணக்கும், அந்தக் கணக்குக்கு அஞ்சிக் குடும்பம் தானே பூண்டுகொள்ளும் மௌனமுமே அதைச் செய்கின்றன.

வந்த வழிகள்

தமிழகத்துக்கும் சீனத்துக்கும் இடையிலான உறவு பழையது. நாகப்பட்டினத்தில் 13ஆம் நூற்றாண்டில் எழுந்த சீனக் கோபுரம் 1867 வரை நின்றது. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஆனால் அவை வணிகர்களின் தடயங்கள். குடும்பங்களாகச் சீனர் இந்தியாவில் வேர் விட்டது ஆங்கிலேயர் காலத்தில்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோங் ஆச்சு என்ற வணிகர் கல்கத்தாவுக்குத் தெற்கே வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் பெற்றுச் சர்க்கரை ஆலை அமைத்தார். அவர் பெயரால் அந்த ஊர் இன்றும் அச்சிப்பூர் என்றே வழங்குகிறது. கல்கத்தாச் சீனர்கள் ஒவ்வொரு சீனப் புத்தாண்டையும் ஒட்டி அவருடைய கல்லறைக்குப் போய் வழிபட்டு வருகிறார்கள். 1830களில் அசாமில் தேயிலை பயிரிடத் தொடங்கிய ஆங்கிலேயர், தொழில் தெரிந்த சீனரை அழைத்துவந்தனர். மாகம் என்ற ஊரில் சீனர் குடியிருப்பு வளர்ந்தது.

இப்படி வந்தவர்களை ஒரே கூட்டமாக எண்ணிவிடக் கூடாது. ஹக்கா மக்கள் கல்கத்தாவில் தோல் பதனிடவும் செருப்புத் தைக்கவும் செய்தார்கள். கான்டனிலிருந்து வந்தோர் தச்சர்கள். ஹூபெய் மாகாணத்தார் பல் வைத்தியர்கள். ஊருக்கு ஒரு தொழில், தொழிலுக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு கோயில் என்று வாழ்ந்தார்கள். ரங்கூனில் நம் நகரத்தார் விடுதிகளும் தண்டாயுதபாணி கோயில்களும் செய்த வேலையையே கல்கத்தாவில் சீனச் சங்கங்கள் செய்தன. புதிதாக வந்தவனுக்குப் படுக்க இடமும், தொழிலுக்குக் கடனும், செத்தால் அடக்கமும் அங்கேயே கிடைத்தன.

இவர்களைக் கிளப்பியது பணத்தாசை மட்டுமல்ல. 19ஆம் நூற்றாண்டின் அபினிப் போர்களும், 1850 முதல் 1864 வரை நடந்த தைப்பிங் கிளர்ச்சியும் தென் சீனத்தைச் சின்னாபின்னமாக்கின. 1937இல் ஜப்பான் படையெடுத்தது. அடுத்த ஆண்டு ஹூபெயின் தலைநகர் வூஹான் வீழ்ந்தது. குடும்பத்தில் ஒருவனை வெளியே அனுப்பிவைப்பது பிழைப்புக்கும் உயிருக்கும் ஒருசேரக் காப்பாக இருந்தது.

தமிழ் மண்ணில் சீனர்

கூடலூரிலிருந்து ஊட்டிக்கு ஏறும் வழியில் நடுவட்டம் இருக்கிறது. மலேரியாவுக்கு மருந்தான கொயினாவைத் தரும் சிங்கோனா மரத்தை அரசே அங்கு 1860களில் பயிரிட்டது. மலேயாவின் நீரிணைக் குடியேற்றங்களின் சிறைகளில் இடம் போதாமல் நீலகிரிக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகள், விடுதலையான பிறகு நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையிலான மலைச்சரிவில் தங்கிவிட்டார்கள். ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டுப் பிழைத்தார்கள்.

இதைப் பதிவு செய்தவர் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியக் குலங்களைப் பற்றி 1909இல் வெளிவந்த அவருடைய ஏழு தொகுதி நூலில் இந்தக் குடும்பங்கள் இடம்பெறுகின்றன. அவர் பிள்ளைகளின் தலையையும் மூக்கையும் அளந்தார். சீனத் தந்தைக்கும் தமிழ்த் தாய்க்கும் பிறந்த பிள்ளை எந்த இனத்தில் சேரும் என்பதே அவருடைய கேள்வி. அந்த அளவைகளுக்கு நடுவே ஒரு செய்தி தப்பி வந்திருக்கிறது. கிறித்தவ சமயத்துக்கு மாறும்போது சடையை வெட்ட வேண்டியதாகிவிட்டதே என்று ஒரு தந்தை குறைப்பட்டிருக்கிறார். சிறை, கடல், மலை எல்லாவற்றையும் கடந்து அவர் காத்துவந்த ஒரே சொத்து அந்தச் சடை. அவருடைய பிள்ளைகள் தமிழ் பேசி வளர்ந்தார்கள். இரண்டே தலைமுறையில் ஒரு சீனக் குடும்பம் தமிழ் மலைத்தோட்டக் குடும்பமாக மாறியதற்கு, நமக்குக் கிடைத்திருக்கும் பழைய சான்றுகளில் இது ஒன்று.

தமிழ் மண்ணுக்கு வந்த சீனரில் இரண்டாவது வகை நம் நகரங்கள் அறிந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஹூபெய் மாகாணப் பல் வைத்தியர்கள் கல்கத்தா வழியாகவும் பர்மா வழியாகவும் சென்னைக்கு வந்து கடை போட்டார்கள். தந்தையிடம் மகன் கற்ற தொழில் அது. 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டம், பட்டம் இல்லாமல் பரம்பரையாகத் தொழில் செய்துவந்தவர்களையும் தனிப் பிரிவில் பதிவு செய்துகொள்ள இடம் தந்தது. அடுத்த தலைமுறை கல்லூரிக்குப் போய்ப் பட்டம் பெற்றது. பெயர்ப்பலகையில் சீனப் பெயர் நின்றது. உள்ளே நோயாளியிடம் பேசியது சென்னைத் தமிழ். தொழில் மரபு காப்பாற்றப்பட்டது, தொழிலைக் கற்கும் முறை மாறியது. இடம்பெயர்ந்த குடும்பங்களில் திரும்பத் திரும்பக் காணும் இயல்பு இது.

1942: இரு மக்களும் நடந்த பாதை

இந்த இரு கதைகளின் நடுத்தூண் 1942. சீனக் குடும்பமும் தமிழ்க் குடும்பமும் ஒரே போரில் ஒரே ஊர்களில் அகப்பட்ட ஆண்டு அது.

1931 கணக்கின்படி பர்மாவில் சுமார் 10 லட்சம் இந்தியர் இருந்தனர். ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர். 1930களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. 1941 டிசம்பர் 23இல் ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மீது குண்டு வீசின. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. கப்பல் கிடைக்காத லட்சக்கணக்கானோர் அரக்கான் மலை வழியாகவும், தமு வழியாக மணிப்பூருக்கும், ஹூகாங் பள்ளத்தாக்கு வழியாக அசாமுக்கும் நடந்தார்கள். பல்லாயிரம் பேர் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் வழியிலேயே மாண்டார்கள். இந்த நடையில் பர்மாச் சீனரும் இருந்தார்கள். தோற்றுப் பின்வாங்கிய சீனப் படைவீரர்களும் அந்தக் காடுகள் வழியாகத்தான் இந்தியாவுக்குள் வந்தார்கள். அவர்களுக்கு அன்றைய பீகாரின் ராம்கட்டில் பயிற்சி முகாம் அமைந்தது. அந்த ஆண்டில் சீனர் இந்தியாவின் நேச நாட்டார் என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம். இருபதே ஆண்டில் அது தலைகீழானது.

மலேயாவிலும் சிங்கப்பூரிலும் ஜப்பானியரின் முதல் இலக்கு சீனர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தவுடன் சீன ஆண்களை வரிசையில் நிறுத்தி, பிரித்தெடுத்துக் கடற்கரைகளில் சுட்டுக் கொன்றார்கள். ஜப்பானியர் ஒப்புக்கொண்ட எண்ணிக்கை 5,000. சீனர் சொல்வது அதைப்போலப் பல மடங்கு. அதே ஆட்சி தோட்டத் தமிழரைச் சயாம் ரயில்பாதைக்கு ஓட்டிச் சென்றது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் பல்லாயிரம் தமிழர் மாண்டனர்.

இந்தக் காலத்தை உள்ளிருந்து கண்டு தமிழில் எழுதிய பெரும் படைப்பாளி நம் பக்கத்து ஊர்க்காரர். சிங்கம்புணரியில் 1920இல் பிறந்த ப. சிங்காரம், 1938இல் சுமத்திராவின் மேடான் நகருக்குப் பிழைக்கப் போனார். ஜப்பானிய ஆட்சியை அங்கே கண்டார். போர் முடிந்து 1946இல் திரும்பி, மதுரையில் பத்திரிகைப் பணியில் வாழ்நாளைக் கழித்தார். 1972இல் வெளிவந்த அவருடைய 'புயலிலே ஒரு தோணி' நாவலில் மேடானின் சீனத் தெருக்களும் தமிழர் வட்டிக்கடைகளும் அடுத்தடுத்து வருகின்றன. சீனரை வேற்று மக்களாக ஒதுக்காமல், ஒரே புயலில் அகப்பட்ட மனிதர்களாக அவர் கண்டார். நம் வட்டாரத்தில் இந்த ஆய்வுக்கு அவரே முன்னோடி.

அந்தக் காலத்தின் இன்னொரு தடம் வீடுகளுக்குள் இருக்கிறது. வறுமையிலும் போரிலும் தத்தளித்த மலேயாச் சீனக் குடும்பங்கள் சில, பெண் குழந்தைகளை அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிடம் கொடுத்துவிட்டன. அந்தப் பிள்ளைகள் தமிழ்ப் பெயர் பெற்று, தமிழ் பேசி, சேலை கட்டி, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்து வளர்ந்தார்கள். முகம் சீனம், வாழ்வு தமிழ். இரத்தத்தால்தான் மரபு வருகிறது என்ற எண்ணத்துக்கு இவர்களைவிட நல்ல மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

1962: சட்டம் எண்ணிய மூன்று தலைமுறை

1962 அக்டோபர் 20இல் தொடங்கிய இந்திய–சீனப் போர் நவம்பர் 21இல் நின்றது. ஒரு மாதப் போர். இந்தியச் சீனக் குடும்பங்களுக்கு அது ஐந்தாண்டுச் சிறையாகவும், பிறகு ஆயுள் முழுதும் தொடர்ந்த சந்தேகமாகவும் நீண்டது.

அப்போது இயற்றப்பட்ட அயல்நாட்டார் சட்டத் திருத்தம் ஒரு தலைமுறைக் கணக்கைப் போட்டது. ஒருவரோ, அவருடைய பெற்றோரில் ஒருவரோ, பாட்டன் பாட்டிகளில் ஒருவரோ பகை நாட்டின் குடிமகனாக இருந்திருந்தால் போதும். அவரை அயல்நாட்டாராகவே நடத்தலாம். இந்தியாவில் பிறந்தது செல்லவில்லை, இந்தியக் குடிமகனாக இருந்ததும் காப்பாற்றவில்லை. அசாம், வட வங்காளம், இன்றைய மேகாலயம் ஆகிய பகுதிகளில் இருந்த குடும்பங்களைக் காவல்துறை வீடு தேடிப் போய்க் கைது செய்தது. உடுத்திய துணியும் கையில் அகப்பட்ட பொருளுமாக ரயிலேறினார்கள். ஏழு நாள் பயணம். 'எதிரி ரயில்' என்று பெட்டியில் எழுதியிருந்ததையும், நிலையங்களில் கூட்டம் கூடிக் கூச்சலிட்டதையும் பிழைத்தவர்கள் நினைவுகூர்கிறார்கள். சுமார் 3,000 பேர் தேவ்லியில் அடைக்கப்பட்டார்கள். ஜெயப்பிரகாஷ் நாராயணை ஆங்கிலேயர் சிறை வைத்ததும், இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியக் குடிமக்களை அடைத்ததும் அதே தேவ்லியில்தான். கடைசிக் குடும்பங்கள் வெளியே வர 1967 ஆயிற்று. முகாமிலேயே பிள்ளைகள் பிறந்தார்கள். முதியவர்கள் அங்கேயே இறந்தார்கள்.

அரசின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எல்லையில் படை தோற்றுக்கொண்டிருந்தது; அசாமின் தேஜ்பூரே காலியானது. சீனச் சமூகத்துக்குள் பீகிங் ஆதரவாளரும் தைவான் ஆதரவாளரும் இருந்தார்கள். அச்சம் உண்மையானது. ஆனால் யார் என்ன செய்தார் என்று விசாரிக்காமல், யார் பேரன் என்று கேட்டதை அந்த அச்சம் நியாயப்படுத்தாது. பல் பிடுங்கியவரும் செருப்புத் தைத்தவரும் பள்ளிக்கூடப் பிள்ளையும் உளவாளிகள் என்பதற்கு எந்த வழக்கும் நடக்கவில்லை, எந்தத் தீர்ப்பும் வரவில்லை.

முகாமுக்குப் போகாதவர்களும் தப்பவில்லை. காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும். அனுமதி இல்லாமல் ஊர் தாண்டக் கூடாது. விடுதலையாகித் திரும்பியவர்கள் வீடும் கடையும் கைமாறியிருக்கக் கண்டார்கள். 1968இல் பகைவர் சொத்துச் சட்டம் வந்தது. இன்றும் அந்தச் சட்டத்தின்கீழ் அரசின் காப்பில் உள்ள 12,000க்கும் மேற்பட்ட சொத்துகளில் நூற்றுச் சொச்சம் சீனரோடு தொடர்புடையவை.

இரண்டாம் பெயர்வு

சென்னையில் கப்பலேறியவர்களுக்குத் தாய்நாடு எப்படி இருந்தது? வெளிநாடுகளிலிருந்து திரும்பியோருக்காகக் குவாங்டாங், குவாங்சி, யுன்னான் மாகாணங்களில் சீன அரசு நடத்திய பண்ணைகளில் அவர்கள் குடியமர்த்தப்பட்டார்கள். நகரத்தில் கடை வைத்திருந்தவர்கள் மண்வெட்டி பிடித்தார்கள். 1966இல் கலாச்சாரப் புரட்சி வந்தபோது, வெளிநாட்டுத் தொடர்பு உள்ளவர்கள் என்று சந்தேகப்பட்டது அவர்களைத்தான். இந்தியாவில் சீனர் என்பதற்காகத் துரத்தப்பட்டவர்கள், சீனாவில் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்காக ஒதுக்கப்பட்டார்கள். பலர் பின்னர் ஹாங்காங்குக்கும் கனடாவுக்கும் போனார்கள்.

பர்மாத் தமிழருக்கும் இதேபோன்ற பெயர்வு நேர்ந்தது. 1962 மார்ச்சில் ஆட்சியைப் பிடித்த நே வின், 1964இல் கடைகளை அரசுடைமை ஆக்கினார். அந்த மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்றார். நகைகூடக் கொண்டுவர விடாமல் அனுப்பப்பட்ட குடும்பங்கள் சென்னையில் இறங்கின. தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் சுமார் 1.44 லட்சம் என்பது அரசுக் கணக்கு. 'பர்மாக்காரன்' என்ற பட்டத்தோடு வியாசர்பாடியிலும் திருச்சியிலும் மதுரையிலும் பர்மா காலனிகள் எழுந்தன. தமிழ்நாட்டில் மனம் ஒட்டாமல் மீண்டும் பர்மாவை நோக்கி நடந்து, எல்லையில் மணிப்பூரின் மோரேயிலேயே தங்கிக் கோயில் கட்டிக்கொண்ட தமிழரும் உண்டு. அதே ரங்கூனில் 1967 ஜூனில் சீனருக்கு எதிரான கலவரம் வெடித்தது. தமிழர் துரத்தப்பட்ட தெருக்களில் மூன்றே ஆண்டில் சீனர் தாக்கப்பட்டனர்.

இரண்டு அனுபவங்களும் எல்லா வகையிலும் ஒன்றல்ல. கீழ்ப் பர்மாவின் நிலம் வட்டிக்குப் போனது பர்மிய உழவருக்கு உண்மையான காயம். அந்தக் கோபத்தின் விலையைக் கொடுத்தவர்களோ, நிலமே இல்லாத மூட்டைத் தூக்கிகளும் சிறு கடைக்காரர்களும். இந்தியச் சீனர் எவருடைய நிலத்தையும் வாங்கிக் குவிக்கவில்லை. அவர்கள்மீது சுமத்தப்பட்ட குற்றம் முகம் மட்டுமே. இந்த வேற்றுமையை மறைத்தால் ஒப்பீடு பொய்யாகிவிடும்.

கல்கத்தாவில் எஞ்சியிருந்த ஹக்காக் குடும்பங்களுக்கு அடுத்த அடி சுற்றுச்சூழல் வழக்கில் வந்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், தோல் பட்டறைகள் நகரை விட்டு வெளியேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கழிவுநீர் உண்மையான கேடு. தீர்ப்பில் தவறு காண முடியாது. ஆனால் அவர்கள் வாழ்ந்த தாங்ராப் பகுதியின் பட்டறைகள் மூடப்பட்டபோது இளையவர்களை ஊரில் பிடித்துவைத்திருந்த தொழிலும் போயிற்று. சில பட்டறைகள் சாப்பாட்டுக் கடைகளாயின. பல குடும்பங்கள் டொரான்டோவுக்குப் போயின.

எது நிற்கிறது, எது போகிறது

பல குடும்பங்களின் கதைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. முதலில் போவது எழுத்து. கல்கத்தாவில் 1969இல் தொடங்கிய சீன நாளிதழ் 'சோங் பௌ' 2020இல் நின்றது. அதற்கு வெகுமுன்பே அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். பர்மாவிலிருந்து வந்த நம் குடும்பங்களிலும் பேரப்பிள்ளைகளுக்குப் பர்மிய எழுத்து தெரியாது. அடுத்துப் போவது பேச்சு. அது மூன்றாம் தலைமுறையில் பாட்டியோடு நின்றுவிடுகிறது. பெயரும் மணவுறவும் சற்று நீடிக்கின்றன.

நெடுங்காலம் நிற்பவை உணவும் வழிபாடும். தாங்ராவில் சீனர் வழிபடும் காளி கோயிலில் நூடுல்ஸ் படையலாகிறது. சென்னை பாரிமுனையில் பர்மாத் தமிழர் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கிறார்கள். வாழைத்தண்டு சேர்ந்த மொகிங்கா என்ற பர்மியச் சூப்பும் அங்கே கிடைக்கிறது. செட்டிநாட்டு விருந்தில் கவுனி அரிசியும், வீட்டு நிலைகளில் பர்மாத் தேக்கும் இருக்கின்றன. பழைய தமிழ் வணிகரின் வழிவந்த மலாக்கா செட்டிகள் தமிழை மறந்து பல தலைமுறை ஆகியும் மாரியம்மன் திருவிழாவை விடவில்லை. சமைப்பதற்கும் கும்பிடுவதற்கும் பள்ளிக்கூடமும் அரசு அனுமதியும் வேண்டியதில்லை. அடுப்படியிலும் சாமி அறையிலும் பெண்கள் இவற்றைக் கைமாற்றித் தந்தார்கள். மரபு பற்றிய எழுத்துகள் ஆண்களின் தொழிலையும் சங்கத்தையுமே பேசுவதால் இந்த உழைப்பு கணக்கில் வருவதே இல்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் போகும் ஒன்றும் உண்டு. அது நடந்ததைச் சொல்லும் பழக்கம். தேவ்லியில் இருந்த பெற்றோர் பலர் அதைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளை பள்ளியில் பேசும், பேசினால் காவல்துறை வரும் என்ற அச்சம். 1942இல் காட்டுவழி நடந்த நம் பெரியவர்களிலும் பலர் பேசவில்லை. வழியில் யாரை விட்டுவிட்டு வந்தோம் என்று சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் வாய் மூடினார்கள். மொழி போனாலும் உணவு மிஞ்சுகிறது. நடந்தது சொல்லப்படாவிட்டால் மிஞ்சுவது விளக்கமில்லாத ஓர் அச்சம் மட்டுமே. அதுவும் பேரப்பிள்ளைக்கு வந்து சேர்கிறது.

சட்டங்களை அருகருகே வைத்தால்

1962 சட்டம் தனித்த ஒன்றல்ல. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிடம் இதே கணக்கைக் கேட்டது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. தந்தையும் அங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். தோட்டத்து லயத்தில் பிறந்தவனிடம் பூட்டனின் பிறப்புச் சான்று ஏது? 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5.25 லட்சம் பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. அவர்களில் ஒரு பகுதியினருக்காக அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அமைந்த இடங்களில் நடுவட்டம்–கூடலூர் மலைகளும் அடங்கும். சீனக் கைதிகள் தமிழ்ப் பெண்களை மணந்து குடியிருந்த அதே மலைச்சரிவு. பர்மாவின் 1982ஆம் ஆண்டுச் சட்டமோ 1823க்கு முன்பே குடியிருந்த முன்னோரைக் காட்டச் சொன்னது.

இலங்கையும் பர்மாவும் நம்மிடம் தலைமுறைக் கணக்குக் கேட்டபோது அது அநீதி என்று சொன்னோம், சரியாகவே சொன்னோம். நம் நாடு சீனக் குடும்பங்களிடம் அதே கணக்கைக் கேட்டபோது நாம் ஒன்றும் சொல்லவில்லை. இந்த இரண்டு நிலைகளும் ஒன்றாக நிற்க முடியாது.

மௌனம் உடையும் விதம்

மௌனத்தை முதலில் உடைத்தவர்கள் எழுத்தாளர்களும் பாதிக்கப்பட்டவர்களும். மானிடவியலாளர் எலன் ஆக்ஸ்ஃபெல்டு 1993இல் கல்கத்தா ஹக்காக் குடும்பங்களைப் பற்றி விரிவான ஆய்வு வெளியிட்டார். அசாமிய எழுத்தாளர் ரீட்டா சௌத்ரி 2010இல் 'மாகம்' நாவலை எழுதினார். பதின்மூன்று வயதில் டார்ஜிலிங்கிலிருந்து தேவ்லிக்குக் கொண்டுபோகப்பட்ட யின் மார்ஷ் 2012இல் தன் நினைவுகளை நூலாக்கினார். ரஃபீக் எலியாஸ் ஆவணப்படங்கள் எடுத்தார். தேவ்லி முகாமிலேயே பிறந்த ஜாய் மா, திலீப் டிசூசாவோடு சேர்ந்து 2020இல் 'தேவ்லிவாலாக்கள்' என்ற நூலைத் தந்தார். முகாமில் இருந்தவர்கள் கனடாவில் சங்கம் அமைத்து, இந்திய அரசு வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டுவருகிறார்கள்.

அவர்கள் கேட்பது நடக்காத காரியமல்ல. இரண்டாம் உலகப்போரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்துவைத்த அமெரிக்கா, 1988இல் சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் தந்தது. கனடாவும் அதே ஆண்டு அதைச் செய்தது. சீனர்மீது தான் விதித்திருந்த தலைவரிக்காக 2006இல் மன்னிப்புக் கேட்டது. போரில் தோற்ற வருத்தம் நமக்கு ஆறாமல் இருக்கலாம். அந்த வருத்தத்துக்கும் டார்ஜிலிங் பள்ளிச் சிறுமிக்கும் தொடர்பில்லை என்று அரசு ஒரு வாக்கியம் சொன்னால், உயிரோடிருக்கும் முதியவர்கள் தங்கள் பேரப்பிள்ளைகளிடம் பேசத் துணிவார்கள்.

நமக்கும் இங்கே வேலை இருக்கிறது. மதுரை மாவட்டத்தில் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் உண்டு. மேலூர் வட்டத்தின் திருவாதவூரில் இலங்கைத் தமிழர் முகாமும் உண்டு. இந்தியாவிலேயே பிறந்து வளர்ந்த முகாம் பிள்ளைகள் இன்னும் குடியுரிமை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கப்பல் சீட்டு, பர்மிய அடையாள அட்டை, மேடானிலிருந்து வந்த கடிதம், சயாமுக்குப் போனவரின் ஒரே புகைப்படம் என்று வீட்டுப் பெட்டிகளில் கிடப்பவை கறையானுக்குப் போகுமுன் பிரதி எடுக்கப்பட வேண்டும். எண்பதைக் கடந்தவர்கள் சொல்வதைப் பதிவு செய்யக் கொட்டாம்பட்டி, மேலூர், சிங்கம்புணரிப் பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களும் போதும். பெரிய நிறுவனம் வேண்டியதில்லை. சென்னையிலும் நீலகிரியிலும் தமிழ் பேசி வாழ்ந்த சீனக் குடும்பங்களின் வரலாறும் தமிழ்நாட்டு வரலாறுதான். அதையும் தமிழில் எழுத வேண்டும்.

பாட்டன் எங்கே பிறந்தான் என்ற கேள்வியைக் குடும்பம் தன் பிள்ளைகளிடம் பெருமையோடு கேட்கலாம். அரசு அதைத் தண்டனைக்காகக் கேட்கக் கூடாது. சீனக் குடும்பத்துக்கு ஒரு நியாயமும் தமிழ்க் குடும்பத்துக்கு ஒரு நியாயமும் இதில் இல்லை. அக்கரைச் சீமைக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் இதை முதலில் சொல்ல வேண்டும். அதன் விலை என்ன என்பது அவற்றுக்குத் தெரியும்.